நாலு மணி பஸ்ஸில் போன செய்தி

விசாரணைக்குக் கூப்பிட்டுக் காப்பியும் வாங்கித் தந்தீர்கள், சார். சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி. பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

மலையடிவாரத்தில் இருக்கிற கச்சிராயபாளையத்தில் பதினெட்டு வருஷமாக நான் பத்திரிகை நிருபர். செய்தியை எழுதிக் கவரில் போட்டு நாலு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் மறுநாள் பேப்பரில் வரும். மலைக்குப் போய் விசாரித்துத் திரும்பினால் அந்த பஸ் கிடைக்காது. அதனால் போனதில்லை. மலைக்காரன் வாந்தியெடுத்துச் செத்தால் சாராயம்தான், வேறென்ன இருக்கப் போகிறது? மலைமேல் கரியாலூருக்கு அந்தப் பக்கம் முனியன் என்ற கூலிக்காரன் செத்தபோதும் அப்படித்தான் எழுதினேன்.

மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி செல்லியம்மாள் கையில் ஒரு பாட்டிலோடு வந்து நின்றாள்.

"எங்கூட்டுக்காரரு சாராயத்தத் தொட்டதே இல்லீங்க. எல்லாம் இந்த ஊருத் தொட்டித் தண்ணிதானுங்க. ஊரே குடிச்சிக்கினு இருக்குது. தண்ணியப் பாக்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்க சார்."

"இன்னா, நீ எனக்கு எழுதச் சொல்லித் தர்றியா?" என்றேன். எனக்குக் கோபம் வராதா?

அவள் வைத்துவிட்டுப் போன பாட்டிலை மோந்து பார்த்தேன். பூச்சிமருந்து வாடை குப்பென்று அடித்தது. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். தண்ணீர் என்று எழுதினால் முன்பு எழுதியது பொய் என்று ஆகிவிடும். வாசகன் அப்புறம் என்னை நம்புவானா? நம்பிக்கை போனால் பத்திரிகையில் என்ன சார் மிச்சம்?

என் செய்தியைப் படித்துவிட்டுப் போலீஸ் மலையேறிச் சாராய ஊறல் பானைகளை உடைத்தது. தொட்டியை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னும் நாலு பேர் செத்தார்கள். நாலையும் சாராயச் சாவு என்றே எழுதினேன்.

இப்போது டீக்கடையில் என் பேப்பரைப் படிக்காமலே போண்டா மடிக்கிறார்கள். "பேப்பர்ல வந்துதா? அப்ப அது பொய்யாத்தான் இருக்கும்" என்று வடக்கனந்தல் விவசாயி சுப்புராயன் என் காதுபடவே சிரிக்கிறான். பதினெட்டு வருஷம் இந்த ஊருக்காக எழுதினேனே, நன்றி கெட்ட ஜனம்! வயிறு எரிகிறது, சார்.

நான் கூசாமல் பொய் எழுதுகிறவனா? அந்த நாலு பேருக்கு அப்புறம் செத்தது செல்லியம்மாளின் மகள். ஆறு வயது. அவளும் சாராயம் குடித்தாள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அதனால், அவள் செத்ததையே நான் எழுதவில்லை.