தொன் யுவான் வைத்திலிங்கத்தின் வழக்கு

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் பத்மா அம்மையார் அவர்களே! அறிவால் நரைத்து, அனுபவத்தால் நிமிர்ந்த ஆன்றோர்களே! சனிக்கிழமை வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு இந்தச் சிட்னி பென்டில் ஹில் மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே! வாதாடிக் களைத்த சுபாங்கன் தம்பியே, கமலினி தங்கையே! தின்ன றோல்ஸ் எப்போது வரும் என்று பின்வரிசையில் காத்திருக்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும், குழம்பிப்போன ஒரு நடுவரின் குனிந்த வணக்கம்!

தலைப்பு என்ன? "போர்த்துக்கேயர் காலத்தில் மதம் மாறிய நம் முன்னோர், தம்மை இழந்தவர்களா? தம்மைக் காத்தவர்களா?" ஆயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பதில் யாழ்ப்பாண அரசு விழுந்தது. கோயில்கள் இடிந்தன. ஊர் ஊராக மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். "வளைந்தவன் தமிழனே அல்ல!" என்று முழங்கினார் சுபாங்கன், கைதட்டினீர்கள். "வளையாதிருந்தால் நாம் இன்று இருப்போமா?" என்று கேட்டார் கமலினி; அதற்கும் கைதட்டினீர்கள்! உங்களுக்கென்ன, இரண்டுக்கும் தட்டலாம். நான் ஒன்றைத்தானே சொல்ல வேண்டும்?

என்ன அங்கிள்? "தீர்ப்பைச் சொல்லும் ஐசே" என்கிறீர்களா? ஓம் அங்கிள், வாறன்.

இது எனக்கு ஏட்டு வழக்கு அல்ல, வீட்டு வழக்கு! வரும் சனிக்கிழமை மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்துத் தேவாலயத்தில், என் ஒரே மகள் தர்ஷனாவுக்கும் அன்ரன் என்ற பிள்ளைக்கும் திருமணம். அந்தப் படி ஏற மாட்டேன் என்று ஆறு மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறேன். "எங்கட பரம்பரை ஒருநாளும் வளைஞ்சதில்லை, பிள்ளை" என்றேன். "ஹவ் டூ யூ நோ, அப்பா?" என்றாள்.

விடுவேனா? கொழும்பிலுள்ள உறவினரைக் கொண்டு, போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் நம் காணியையும் குடிகளையும் பதிந்து வைத்த தோம்பில் எங்கள் பக்கத்தைப் படியெடுப்பித்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது! எங்கள் காணிக்கு உரியவர், எங்கள் பூட்டனுக்கும் பூட்டன், பெயர் என்ன தெரியுமா? தொன் யுவான் வைத்திலிங்கம்! முன்பாதி ஞானஸ்நானப் பெயர், பின்பாதி சைவப் பெயர்!

சிரிக்காதீர்கள்! எழுதியவன் பிழை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். "ஒண்டுக்கு மூண்டு தரம் பாத்திட்டியள். பாக்கப் பாக்க எழுத்து மாறுமே?" என்றாள் என் மனைவி பவளம்.

யார் இந்த மனிதர்? அச்சத்தால் மாறினாரா? அன்பால் மாறினாரா? ஆதாயத்தால் மாறினாரா? ஞாயிறு தோறும் தேவாலயம் போனவர்கள், சைவ விரத நாளில் உண்ட வாழையிலையை ஆள் காணாமல் கூரை இறப்பில் செருகினார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. இவரும் செருகினாரா? தெரியாது! இரண்டு கடவுளையும் ஏய்த்தாரா, இரண்டு கடவுளையும் கும்பிட்டாரா? தெரியாது! தம்பி சுபாங்கன், நீங்கள் இன்று பேசியதையெல்லாம் நான் மகளிடம் பேசியிருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. தங்கை கமலினி, உங்கள் பக்கம் சாயவும் மனம் வரவில்லை. இடிந்த கோயிலின் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஆனால் சபையோரே, அவர் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. மகள் மரியாவின் கலியாணத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த சீதனக் காணி! போற்றிய சாமியை விட்டாரோ, பெற்ற பெயரை விட்டாரோ, மகளை விடவில்லை! கலியாணத்துக்குப் போனாரா? தோம்பு சொல்லவில்லை. மகளுக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரியைப் பார்த்து நான் அழுதேன். வளையாமல் நின்று நான் யாரைக் காக்கப் போகிறேன்?

ஆகவே, நானூறு வருட வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. தலைவர் அம்மா மன்னிக்க வேண்டும். இந்தப் பட்டிமன்றம் தீர்ப்பில்லாமல் முடிகிறது. சனிக்கிழமை நான் போகிறேன். அது ஒன்றுதான் எனக்குத் தெளிவு. வேட்டியா, கோட்டா? தெரியாது. திருநீறு பூசலாமா? தெரியாது. எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும்? சத்தியமாகத் தெரியாது! தெரிந்தவர்கள் யாராவது அன்று என் பக்கத்தில் வந்து இருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.