ஊர்வலத்துக்கு ஒரு வண்டி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் பக்கத்திலிருந்த கணவரிடம் சீறினாள்.

“வீட்டுல வெளிநாட்டு ஜீப்பை நிப்பாட்டி வச்சுட்டு, சம்பந்தி வீட்டுக்குப் பஸ்ல போறது நாமதான்.”

“மெதுவாப் பேசு. வண்டி ஓடணும்னா பம்பாயிலருந்து சாமான் வரணும்.”

“போன தடவையும் பம்பாய்தான். பழைய வண்டிய ஆசைப்பட்டு வாங்கினீக. என் வளையல் அம்புட்டும் அதுக்கே போயிருச்சு. வித்துத் தொலைங்கன்னா கேக்கீகளா?”

“இப்ப எப்பிடி விக்க? அந்த வண்டியப் பாத்துட்டுத்தான் பொண்ணு கேட்டு வந்தாக. மாப்பிள்ளை அழைப்பும் அதுலதான் வேணும்ங்குறாக.”

“ஸ்டார்ட்டே ஆகாததுல எப்பிடி அழைப்பீக?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஊர்வலம் மெதுவாத்தான போகும். நம்ம மில்லு ஆளுக நாலு பேரு பின்னால கைய வச்சுக்கிட்டே வரட்டும். மேளச் சத்தத்துல இஞ்சின் ஓடுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?”

அந்த அம்மாள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“மறுநா மக அதுல ஏறித்தான புகுந்த வீட்டுக்குப் போகணும்? அன்னைக்கு மேளம் கிடையாதே. வில்லிபுத்தூர் வரைக்கும் தள்ளிக்கிட்டே போவீகளா?”