கையைப் பார்க்காதவன்

வித்தைக்காரர்கள் முன்னால் போடுவதற்கு ஒரு சீட்டு வித்தையைத் தேர்ந்தெடுப்பது, பெண்ணுக்கு வரன் பார்ப்பதைவிடச் சிரமம் சார். சாதாரணக் கூட்டம் நம் பேச்சில் மயங்கிவிடும். காலமெல்லாம் சீட்டுக் கட்டைப் பிடித்தவன் மயங்க மாட்டான். அவன் நம் கண்ணைத்தான் பார்ப்பான். வேலை நடக்கிற நொடியில் நம் பார்வை நெல்லளவு கையை நோக்கித் தாழ்ந்தாலும் போதும், சோலி முடிந்தது.

நிர்மலாவின் புகாரை விசாரிக்க வந்தவரிடம் இதை எதற்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் மேஜிக் வட்டம் சின்னதுதான். ஒரு பல் டாக்டர், அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர் ஒருவர், மீதிப் பேர் என்னைப் போல பனியன் கம்பெனி ஆட்கள். ஆனால் தை மாதம் நாங்கள் நடத்தும் கூட்டத்துக்குக் கேரளாவிலிருந்துகூடப் பெரிய கைகள் வருவார்கள். அங்கே எந்தப் புது வித்தை போக வேண்டும் என்று முடிவு செய்வது நான். புதிதாகக் கொண்டு வருகிறவர், செய்யும் முறையை எனக்கு மட்டும் சொல்லிவிட வேண்டும். இரவல் சரக்கைச் சொந்தச் சரக்கென்று யாரும் விற்றுவிடக் கூடாதே, அதற்காக வைத்த வழக்கம். இன்று வரை ஒரு ரகசியமும் என்னிடமிருந்து வெளியே போனதில்லை. அர்த்தநாரி வாயும் கோயில் உண்டியலும் ஒன்று என்று கேலி பேசுவார்கள்.

சரவணக்குமார் என் அருள்புரம் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். மடத்துக்குளத்துப் பையன். அவன் மனைவி நிர்மலா அங்கேயே செக்கிங்கில் இருக்கிறாள். சீட்டில் அவனுக்குக் கை பேசுகிறது என்று கண்டுபிடித்து வட்டத்தில் சேர்த்தவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் அவன் ஒரு வித்தை கொண்டு வந்தான். நான் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, கட்டுக்குள் திரும்ப வைத்தேன். துணி விரிக்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே வந்தான். நிறுத்து என்றேன். நிறுத்தின இடத்தில் என் சீட்டு. இன்னொரு முறை கேட்டேன். இம்முறை பாதிக் கட்டை என் கையிலேயே கொடுத்துப் போடச் சொன்னான். நான் எங்கே நிறுத்தினேனோ அங்கே அதே சீட்டு. கட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு முறையைச் சொன்னான். எல்லாம் இடது கையின் கடைசி இரண்டு விரல்களில் இருந்தது. இத்தனை வருடமாக அடுத்தவர்கள் சரக்கையே எடை போட்டுக்கொண்டிருக்கிறேன், என் பெயரில் சொந்தமாக ஒரு வித்தை கிடையாது. இதை இந்தக் கூட்டத்தில் நான் செய்கிறேன், நீ வேறொன்று செய் என்று கேட்டுப் பார்த்தேன். அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை.

"உங்க கைக்கு இது வராதுங்ணா. நீங்க பாத்துச் சொல்லுங்க, அது போதும்."

எரிந்தது சார். மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனாலும் அந்த வித்தையைத்தான் தேர்ந்தெடுத்தேன். தேர்வில் நான் நியாயம் தவறியதாக ஒருவரும் சொல்ல முடியாது. அதில் ஒரே ஒரு குறை இருந்தது. முக்கியமான இடத்தில் அவன் பார்வை கைக்குப் போனது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிங் டேபிளிலேயே பழக்கினேன். நான் எதிரே நிற்பேன். விரல் வேலை தொடங்கும்போது மெதுவாக "சரவணா" என்பேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், கை நிற்கக் கூடாது. ஆரம்பத்தில் நின்றது. தீபாவளிக்குள் நிற்காமல் ஆனது. நான் கூப்பிட்டால் தலை தானாக நிமிரும், கை தன் பாட்டுக்குப் போகும்.

பிளேடு படாமலிருக்கக் கட்டிங்கில் போடுகிற ஸ்டீல் கிளவுஸ் போட்டால் விரல் மரத்துப்போகும், கூட்டம் முடிகிற வரைக்கும் வேண்டாம் என்றும் சொன்னேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மார்கழியில் ஒரு நாள், டீ இடைவேளைக்குச் சற்று முன்னால் அது நடந்தது. துணி வெட்டுகிற பேண்ட் நைஃப் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்கிய துணியை இரண்டு கையாலும் பிளேடை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தான். நான் எதிரே நின்றேன். பிளேடு எங்கே இருக்கிறது, இடது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். "சரவணா" என்றேன்.

நிமிர்ந்து சிரித்தான். கை நிற்கவில்லை.

நான் அவனைத் தொடக்கூட இல்லை. கையில் துணியைச் சுற்றி, என் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவனும் நான்தான். சிவன்மலைக்குப் போய் முருகனுக்கு அவன் பெயரில் அர்ச்சனை வைத்தேன். நட்சத்திரம் தெரியவில்லை, நிர்மலாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். இடது கையில் அறுந்துபோன கடைசி விரல் இரண்டையும் சேர்க்க முடியவில்லை.

தை மாதக் கூட்டத்தில் அந்த வித்தையை நான் செய்தேன். சரவணக்குமாருக்குச் சமர்ப்பணம் என்று சொல்லிவிட்டுத்தான் செய்தேன். பெரிய கைகள் எல்லாம் எழுந்து நின்று தட்டினார்கள். அவன் கட்டுப் போட்ட கையோடு நிர்மலா பக்கத்தில் முன்வரிசையில் இருந்தான். பந்திக்குப் போகும் வழியில் என்னிடம் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"நல்லாப் பண்ணுனீங்ணா. ஒரு எடத்துல கண்ணைக் கீழ போட்டுட்டீங்க." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "அன்னைக்கு நான் போடலீங்க. நீங்க கூப்புட்டீங்கன்னு உங்களையேதான் பாத்தனுங்க. நீங்கதான் என் கையைப் பாத்துட்டு இருந்தீங்க."

நிர்மலா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

அவள் சொன்னது சரிதான். தெரிந்துதான் கூப்பிட்டேன். கூப்பிட்டால் நிமிர்வான் என்று தெரியும், கை நிற்காது என்றும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தச் சீட்டு எப்படி வருகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அது சரவணன் என்னை நம்பிச் சொன்னது. நம்பினவனுக்குத் துரோகம் செய்கிற ஆள் நான் இல்லை சார்.