விழுப்புரம் மெஷினில் இருந்த கல்யாணம்

"ஒரு போட்டோவ எத்தினி எடத்துல வெச்சிக்கினா அது தொலையாது?" என்று ஆண்டோ அண்ணன் ஒருமுறை என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. கேள்வி கேட்பார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு சிரித்துவிடும். பத்தாவதில் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

"ரெண்டு எடத்துலண்ணே. மெஷின்ல ஒண்ணு, பொட்டியில ஒண்ணு" என்றேன்.

"அப்ப எங்க பொழப்பே உன் கையிலதான் கீதுன்னு சொல்லு" என்று சிரித்தார்.

பொட்டி என்று நாங்கள் சொன்னது, திண்டிவனம் கடையில் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்டோரேஜ் சர்வர். எங்கள் ஸ்டுடியோவுக்கு இரண்டு கடைகள். திண்டிவனத்தில் முதலாளி சுப்புராயனும் நானும். விழுப்புரத்தில் ஆண்டோ அண்ணன். அவர் எடுக்கும் படங்கள் அங்கே உள்ள கம்ப்யூட்டரில், நாங்கள் மெஷின் என்போம், இறங்கும். பிறகு பேக்கப் சர்வீஸ் நெட்வொர்க் வழியாக அவற்றை எங்கள் பொட்டிக்கு நகல் எடுக்கும். லைன் மெதுவானது. ஒரு கல்யாணம் முழுவதும் ஏற நாலைந்து நாள் ஆகும். எது ஏற வேண்டும் என்று திரையில் டிக் போடுவது, நடுவில் நின்றுவிட்டால் திரும்ப ஓடவிடுவது, கேட்பவர்களுக்குப் பழையதை எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. யாரோடும் பேச வேண்டாத வேலை. நான் அதை ஒழுங்காகச் செய்தேன். நாலு வருடத்தில் ஒரு படம் தொலைந்ததில்லை.

பழைய படம் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் சாவு வீட்டுக்காரர்கள். செத்தவருக்கென்று தனியாக ஒரு படம் இருக்காது. ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தில் நின்றிருப்பார். அவரை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீல வானம் வைத்து, கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கொடுப்போம். வெட்டுவது எனக்கு நன்றாக வரும்.

கடையில் ஆண்டோவை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். நோட்டில் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. ஏழு நோட்டுகள் எழுதினேன், துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் மேல் தப்பு இல்லை.

2013 ஜனவரியில் அவருக்குக் கல்யாணம். பெண் அனந்தபுரம் பக்கம், பெயர் அமல்ராணி. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அவருடைய கேமராவிலேயே நண்பர் பார்த்திபன் எடுத்துக் கொடுத்தார். விழுப்புரம் மெஷினில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது படங்கள் இறங்கின. திண்டிவனத்தில் உட்கார்ந்து, நெட்வொர்க் வழியாக எல்லாவற்றையும் சின்னச் சின்னதாகத் திறந்து பார்த்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்றே பழகியவர், முன்னால் நிற்கும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். எல்லாப் படத்திலும் பக்கத்தில் அவள் இருந்தாள்.

ஒன்றை மட்டும் எடுத்து, அவரை வெட்டி, எங்கள் லேபிலேயே பிரிண்ட் போட்டுக்கொண்டேன். பிறகு அந்தக் கல்யாணத்துக்கான டிக்கை எடுத்துவிட்டேன். ஒரு வாரம் போகட்டும், மனசு ஆறியதும் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மாதம் பிறந்தால் விழுப்புரத்தில் மெஷினைக் காலி செய்வார்கள். காலி செய்வதற்கு முன் என்னிடம் கேட்க வேண்டும் என்பது கடையின் வழக்கம். நான் சொன்னால் போதும், வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. அவர் போன் செய்தார்.

"கலா, தை மாசம், மெஷின்ல மூச்சு விட எடமில்ல. என் கல்யாணம் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுண்ணே."

"அப்ப அழிச்சிடறேன். நம்முளுதுதானே, சாவகாசமா ஆல்பம் போட்டுக்கலாம். அமலுதான் போட்டோ எங்க, போட்டோ எங்கன்னு ஒரே பேஜாரு பண்ணிக்கினு கீறா."

அவரே அழித்தார். நான் அழிக்கவில்லை. இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து வாரம் கழித்து, ஓமந்தூரில் ஒரு காதுகுத்து எடுத்துவிட்டுத் திரும்பும்போது, லாரி மோதி இறந்துபோனார்.

பேனருக்குப் படம் இல்லை. உறவுக்காரர்களின் போன்களில் முகம் கடுகளவு இருந்தது. கேமராவின் மெமரி கார்டுகளை எப்போதோ அழித்து அடுத்த கல்யாணம் எடுத்திருந்தார்கள். பொட்டியில் ஒரு டிஸ்க் கெட்டுவிட்டது, அதிலிருந்த கல்யாணம் போய்விட்டது என்று சொன்னேன். வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி பேனர் அடித்தார்கள். சுப்புராயன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஜில்லாவுல இருக்கிற அத்தினி மாப்பிள்ளையும் பொட்டிக்குள்ள கீறான். நம்ம ஆளு மட்டும் இல்ல. இவன் மூஞ்சி திருடன் மாதிரி நிக்குது."

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

பாண்டிச்சேரியில் தேவநாதன் என்று ஒருவர் அழிந்த படங்களை மீட்டுக் கொடுப்பார். அழித்தது உடனே போய்விடாது, அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை உள்ளேயே கிடக்கும், பாதியாவது வரும் என்று போனில் சொன்னார். சுப்புராயன் விழுப்புரம் மெஷினைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து பொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"யாரையும் தொட வுடாத கலா. இதும் மேல ஒரு ஃபைல் போடக்கூடாதாம். அந்தப் பொண்ணு ரெண்டு மாசம் முழுகாம இருக்குது" என்றார்.

மறுநாள் அவர் திருவாமாத்தூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டார். நான் பொட்டியையும் மெஷினையும் ஒயரால் இணைத்தேன். பொட்டியில் இருந்த மூன்று வருடக் கல்யாணங்களை அந்த மெஷினுக்குத் திருப்பி அனுப்பினேன். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை ஓடியது. நடுவில் சாப்பிட்டேன். மல்லாட்டைத் துவையல், நிலக்கடலையில் அரைத்தது. மெஷின் நிரம்பியதும் எல்லாவற்றையும் அழித்து, ஒயரைப் பிடுங்கி, முன்பு இருந்ததுபோலவே வைத்தேன்.

ஏன் என்றால், அந்தப் படங்கள் வந்திருந்தால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அவர் அவளோடு நின்றிருப்பார். என்னிடம் இருந்ததில் தனியாக நின்றார். அதுதான் அவருக்கு நிம்மதி என்று பட்டது.

தேவநாதன் வந்து மூன்று மணி நேரம் பார்த்தார். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் வேறு யாருடைய கல்யாணங்களோ. அமல்ராணி ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு மணப்பெண்ணையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இல்லீங்க. இதுவும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"இதுல யாராச்சும் எதையாச்சும் ஏத்தினீங்களா?" என்று தேவநாதன் கேட்டார்.

சுப்புராயன் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். பேசாத பெண் பொய் சொல்வாள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அடுத்த வருடம், அவருடைய வருசப் பூசைக்கு முந்தின வாரம், அமல்ராணி கைக்குழந்தை ஜெர்லினோடு கடைக்கு வந்தாள். முறைக்கு நான் அண்ணி என்று கூப்பிட வேண்டும். வாங்கக்கா என்றேன்.

"சும்மாதான் வந்தேன் கலா. எங்கியாச்சும் ஓரமா ஒரு கூட்டத்துல நின்னிருப்பாரான்னு... ஜெர்லினுக்குக் காட்ட ஒண்ணுமே இல்ல. அந்த ஓட்டர் கார்ட காட்டினா வீல்னு அழுவுது" என்றாள்.

எனக்குக் கல் மனசு இல்லை. நோட்டுக்குள்ளிருந்து என் படத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு இருந்த படம். "ஒண்ணே ஒண்ணு கெடச்சுதுக்கா. மாலை போட வசதியா, தனியா இருக்காரு" என்றேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். படத்தில் அவருடைய கோட்டுக் கையின் மேல் மருதாணி போட்ட நாலு விரல்கள் இருந்தன. அவற்றை எடுத்தால் அவர் கை கெட்டுவிடும் என்று நான்தான் விட்டிருந்தேன். அவள் தன் விரல்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு படத்தைத் திருப்பினாள். எங்கள் லேபில் போடும் எல்லாப் படத்துக்கும் பின்னால் பிரிண்ட் போட்ட தேதி விழும். இதில் இருந்தது கல்யாணத்துக்கு மூன்றாம் நாள்.

அவள் நன்றி சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். படத்தைக் குழந்தையின் துண்டுக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.