'சொல்லமாட்டேன்' என்று உண்மையைச் சொன்னவர்

சங்கத் தலைவர் அவர்களே, கிரஷர் பட்டறைத் தோழர்களே, தாய்மார்களே, சட்டைக்குள் இரும்புக் கம்பியைச் செருகிக்கொண்டு எங்கள் துக்கத்தில் பங்கெடுக்க வந்து வாசலோரம் நிற்கும் காண்டிராக்டர் அனுப்பிய அருமைத் தம்பிமார்களே! எல்லோருக்கும் இந்த முடிதிருத்தும் கடைக்காரனின் வணக்கம். தம்பிகளே, நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள். கம்பி குத்தாமல் பார்த்து உட்காருங்கள்.

இந்தத் தெருவுக்கு இணையம் இழுத்த மாவீரர், கம்பங்களின் சக்கரவர்த்தி, ஏணியில் ஏறினால் இறங்க மறந்துவிடும் ஏந்தல், என் தங்கையின் கணவர், நாம் எல்லோரும் 'கம்பம்' என்றே கூப்பிட்ட என் மாப்பிள்ளை போய்விட்டார். தானாகவா போனார்? அடித்து அனுப்பினார்கள்! நொறுங்கிய விலா எலும்புகளோடு ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டுப் போனார்.

எப்பேர்ப்பட்ட மனிதர்! ஒரு தோளில் ஏழு மைல் ஒயர், மறு தோளில் ஏணி, பல்லிடுக்கில் ஸ்க்ரூடிரைவர். அவர் கம்பத்தில் ஏறினால் காக்கைகள் எழுந்து நின்று இடம் விடும். முதல்முறை ஒயரை அறுக்க காண்டிராக்டரின் ஆட்கள் ஆயிரம் பேர் வந்தார்கள்! ஏழு பேர்தான் என்பாள் என் தங்கை. அவள் பக்கத்தில் நின்று பார்த்தவள், அவளுக்கு என்ன தெரியும்? அந்த ஆயிரம் பேரும் அவருடைய ஏணியை அவர் முதுகிலேயே அடித்து உடைத்தார்கள். அவர் ஒயர்ச் சுருளைச் சுழற்றி வீசினார். ஒருவனுக்கு மூன்று முன்பற்கள் தெருவில் விழுந்தன. அவன் இன்று வந்திருக்கிறானா? கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள், கண்டுபிடித்துவிடலாம்.

ஓர் ஒயருக்காக இத்தனை ரத்தமா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

கல்லை ஜல்லியாக நொறுக்கும் கிரஷரில் பெல்ட்டுக்கு மேல் ஓர் இரும்பு மூடி இருக்க வேண்டும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று காண்டிராக்டர் அதைக் கழற்றி எறிந்தார். சல்லடை போடும் அக்காவின் வலது கையை பெல்ட் பிடித்தது. தோள்வரை இழுத்துக்கொண்டது. அன்றைக்கு ஜல்லி சிவப்பாக விழுந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான்காம் நாள், கட்டுக்கூடப் பிரிக்கவில்லை, காண்டிராக்டர் ஒரு காகிதத்தோடு வந்தார். "உனக்கு உதவி கேட்டு மனு போடறேம்மா. இங்க ஒரு ரேகை வை" என்றார். அக்கா இருக்கிற கையின் கட்டைவிரலை வைத்தாள். நகலை அவளிடமே விட்டுப்போனார். படிக்கத் தெரியாதவளிடம் இருந்தால் என்ன, அடுப்பிலே இருந்தால் என்ன? இந்தத் தெருவில் காண்டிராக்டர் வாசித்ததுதானே எழுத்து!

இணையம் வந்த மறுநாள், மாப்பிள்ளை அந்த நகலை போன் கேமராவுக்கு முன் பிடித்தார். போன் தெரு கேட்கப் படித்தது: "என் சொந்தக் கவனக்குறைவால் கையை இழந்தேன். யார்மீதும் எனக்குப் புகார் இல்லை."

அக்கா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதையா தம்பி நான் சொல்லியிருக்கேன்?"

"நீங்க சொல்லலக்கா. உங்க விரல் சொல்லியிருக்கு."

"அப்ப அதையும் பெல்ட்டுக்கே குடுத்திருக்கலாமே!"

பொழுது சாய்வதற்குள் தெருவே பெட்டிகளைக் கவிழ்த்தது. விரல் போனவர், கண் போனவர், மகனையே கூடையில் அள்ளி வந்தவர். பதினான்கு காகிதங்கள்! பதினான்கிலும் அதே வாக்கியம்!

தொழிலாளர் நீதிமன்றம் இங்கிருந்து இரண்டு நாள் பயணம். போய் வந்தவனுக்குப் பட்டறையில் இடம் கிடையாது. அதனால் யாரும் போனதில்லை. மாப்பிள்ளை என்ன செய்தார்? நீதிமன்றத்தையே ஒயரில் கட்டி இழுத்து நம் தெருவில் போட்டார்! புகாரை இணையத்தில் பதிந்தார். மூடி இல்லாத பெல்ட்டைப் படமெடுத்து கணினியில் பூட்டி வைத்தார். சாட்சிகள் காணொளியில் வரலாம் என்று உத்தரவு வந்தது. இன்று மூன்று மணிக்கு விசாரணை. அந்த நேரத்தில் ஒயர் அறுந்தால், சாட்சிகள் வரவில்லை என்று வழக்கு தள்ளுபடி.

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"மச்சான், மறக்காத மாதிரி ஒரு பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றார். நான் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "'சொல்லமாட்டேன்'னு வை மாப்ள. எவன் கேட்டாலும் உண்மையச் சொல்லு. பைத்தியம் பிடிச்சு ஓடட்டும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதையே வைத்தார். வீட்டில் தினமும் ரகளை!

"பாஸ்வேர்டு என்னங்க?"

"சொல்லமாட்டேன்."

"அப்ப சாப்பாடும் போடமாட்டேன்."

பத்து நாளைக்கு முன், பட்டப்பகலில் அவரைப் பிடித்தார்கள். அந்தப் பெல்ட் படத்தை அழிக்க வேண்டும் அவர்களுக்கு. "பாஸ்வேர்டு என்னடா?" "சொல்லமாட்டேன்." இரும்புக் கம்பியால் முழங்கையை உடைத்தார்கள். "சொல்றியா, சாவுறியா?" "சொல்லமாட்டேன்." நெஞ்சில் ஏறி மிதித்தார்கள்.

மருத்துவமனையில் என்னிடம் சொன்னார்: "சத்தியமா உண்மையத்தான் சொன்னேன் மச்சான். நாலு வாட்டி சொன்னேன். நம்பவே மாட்டேங்கறானுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்போடு ரத்தமும் வந்தது.

"அதான்டா பாஸ்வேர்டுன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா மாப்ள?" என்றேன்.

"சேர்த்திருந்தா அக்காவோட கை சும்மா போயிருக்குமே."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவரைக் கொன்றது அந்தக் கம்பியா, என் குறும்பா? நான் வாய் திறந்தால் பொய்தான் என்று உங்களுக்குத் தெரியும். இதில் ஓர் எழுத்துக்கூட நான் கூட்டவில்லை.

தம்பிகளே, பாஸ்வேர்டை இப்போது குறித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. பெல்ட் படம் நேற்றே நீதிபதியிடம் போய்விட்டது. இனி நீங்கள் அறுக்க முடிந்தது ஒயரை மட்டும்தான். அது வந்து சேரும் பெட்டி, இதோ, மாலை போட்டிருக்கிற மாப்பிள்ளையின் படத்துக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. பெரிய மண்டபத்தை விட்டுவிட்டு இந்தப் புழுக்க அறையில் ஏன் கூடினோம் என்று இப்போது புரிகிறதா? பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் முந்நூறு பேர். ஜன்னலில் லாரி ஓட்டுநர்கள்.

மாப்பிள்ளை, உங்கள் வேலை நிற்காது. நாளை ஏணியில் என் தங்கை ஏறுவாள். நான் கீழே பிடித்துக்கொள்வேன், நடுங்கியபடி. இன்றைக்கு அவள் பக்கத்து அறையில் கேமராவுக்கு முன் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அருகில் சல்லடை அக்கா.

மணி மூன்று. இங்கே சத்தம் கேட்டால் அங்கே சாட்சி சொல்வது நீதிபதியின் காதில் விழாது. ஆகவே பெரியோர்களே, வழக்கமான இரண்டு நிமிடம் இன்று போதாது. நம் மௌன அஞ்சலி, நீதிபதி எழுந்திருக்கும் வரை. யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. அடி விழுந்தாலும் கத்தக் கூடாது.

நானே வாயை மூடுகிறேன். கதவைச் சாத்துங்கள்.