ரெண்டு புது டயர்

— இன்னும் ஒரே ஒரு தடவை மிதிக்கிறேன், சைக்கால். கெட்டியாப் புடிச்சுக்கோ.

— மிதிச்சு மிதிச்சு அச்சு வரைக்கும் எறக்கிட்டே. இன்னும் எவ்வளவு ஆழத்துக்குய்யா போகணும் உனக்கு?

— வாயை மூடு. இது நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. வித்தவன் சொன்னான், பீரங்கியவே இழுக்குமாம்.

— பீரங்கி வேணாம். நம்ம ரெண்டு பேரை இழுக்கச் சொல்லு போதும்.

— பாரு, இந்தச் சின்ன கியர்குச்சி. இதைத் தள்ளினா முன்சக்கரமும் ஓடணும். தள்ளிட்டேன். விளக்குகூட எரியுது. எரியுதா இல்லியா?

— எரியுது.

— அப்புறம் ஏன் பின்னால மட்டும் சுத்துது?

— என்னைக் கேட்டா? தையல்காரிகிட்ட கேக்கற கேள்வியா இது?

— சரி, நீ உள்ளயே இரு. நான் எறங்கித் தோண்டறேன். மணி என்ன?

— ஒண்ணே முக்கால்.

— கணவாயைத் தாண்டிட்டா அக்-தால் ஊருக்கு அரை மணி நேரம். மூணு மணிக்கு வேன். ராத்திரி பிஷ்கெக், விடியக்காலம் விமானம், மாஸ்கோல எறங்கி டீ குடிப்பே. இந்த ஒமுர்பெக் ஒரு வருஷமாவது உன் வேனைத் தவற விட்டிருக்கானா, சொல்லு?

— ஆறு வருஷமும் குதிரையில கொண்டு போய் விட்டே. குதிரை எங்கயும் மாட்டல.

— அந்தக் குதிரைங்களை வித்துத்தானே இதை வாங்கினேன்!

— விக்கச் சொன்னது யாரு?

— நீ போகக் கூடாதுன்னுதான்டி வித்தேன். கோடையில ஏரிக்கரையிலேருந்து வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வாரம் ரெண்டு தடவை நாரின் சந்தை. குளிர்காலத்துல வைக்கோல் லோடு. உக்காந்து உக்காந்து யோசிச்சேன். நீ என்ன சொன்னே? இன்னும் ஒரு வருஷம்னே.

— ஒரு வருஷம்தான்.

— அந்த ஒரு வருஷத்தை இதோட ஏழு தடவை சொல்லிட்டே. நம்ம பொண்ணு மீரிம் உன் உசரம் வந்துட்டா, தெரியுமா? போன்ல உசரம் தெரியாது.

— தோண்டப் போறேன்னியே.

— தோண்டறேன், தோண்டறேன். மாஸ்கோக்காரிக்கு அவசரம்.

— மழை கல்லு மாதிரி விழுது. தொப்பியைப் போடுய்யா.

— தொப்பி ஒண்ணுதான் கொறைச்சல். இப்ப எடு வண்டியை. அந்தப் பக்கமா உக்காந்து மெதுவா மிதி.

— எனக்கு ஓட்டத் தெரியாது.

— வலது காலால மெதுவா அமுக்கினாப் போதும்! சரி விடு, நானே வரேன்... ம்... ம்... வா, வா, வா... போச்சு. இன்னும் எறங்கிடுச்சு. மணி என்ன?

— ரெண்டு பத்து.

— புது டயர் போட்டேனே! பின்னால ரெண்டும் புத்தம் புது டயர். பல்லு பாத்தியா? ஓநாய்ப் பல்லு மாதிரி இருக்கு.

— முன்னால?

— முன்னால வண்டியோட வந்ததுதான். கொஞ்சம் தேஞ்சிருக்கு. கொஞ்சம் சின்னதும்கூட.

— ஏன் நாலும் வாங்கல?

— ஏய், குதிரைக்கு நாலு காலுக்குமா லாடம் அடிக்கிறோம்? பாரம் முன்னங்கால்ல, அதனால முன்னால மட்டும் அடிக்கிறோம். இந்த வண்டிக்குப் பாரம் பின்னால. அதனால பின்னால மட்டும். இதுல என்ன தப்பு?

— வண்டி வாங்கின அன்னைக்கு என்ன பண்ணே?

— ஆடு அறுத்தேன். ஊருக்கே சோறு. சக்கரத்துல ரத்தம் தடவினேன்.

— எத்தனை சக்கரத்துல?

— நாலுலயும்தான். இது என்ன கேள்வி?

— ரத்தம் நாலுக்கும், டயர் ரெண்டுக்கு. நல்ல கணக்கு.

— சிரிக்கிற நேரமா இது? நான் ஒருத்தன் முழங்கால் சேத்துல நிக்கிறேன், இவ சிரிக்கிறா. அந்தக் கம்பளிக் கோட்டை எடு.

— எந்தக் கோட்டு?

— என்னோடதுதான். உன் தலைக்குப் பின்னால இருக்கு பாரு. சக்கரத்துக்கு அடியில போட்டா புடிச்சுக்கும்.

— யோவ், அது புதுக் கோட்டு. போன மாசம்தானே தைச்சேன்.

— வேன் போயிடும்ல. குடுங்கறேன்.

— குளிர்காலம் முழுக்க என்னத்தைப் போட்டுக்குவே?

— பழசு இருக்கு. குடு... அவ்வளவுதான். இப்ப பாரு. பிஸ்மில்லா.

— கோட்டு உள்ள போகுதுய்யா!

— முழுங்கிடுச்சு. கோட்டை முழுங்கிடுச்சு சைக்கால்.

— பாத்தேன்.

— மணி?

— ரெண்டே முக்கால்.

— ஓடிப் போய் யாரையாவது கூட்டிட்டு வரட்டா? கீழ பள்ளத்துல டிராக்டர் ஒண்ணு இருக்கு.

— அது ரெண்டு மணி நேர நடை.

— ஓடினா ஒண்ணரை.

— உக்காரு. உன் ஒதடு நீலமா இருக்கு. டீ இருக்கு, குடி.

— மூணு மணிக்கு வேன் போயிடும், இவ டீ குடிங்கறா. போன் எடுக்குதா பாரு. டிரைவர்கிட்ட சொன்னா அரை மணி நிறுத்துவான். என் மச்சினன் மகன்தான்.

— இந்தப் பள்ளத்துல எப்பய்யா போன் எடுத்திருக்கு? குடி மொதல்ல.

— பதினைஞ்சாம் தேதிக்குள்ள போகலைன்னா உன் எடத்துல வேற ஆளைப் போட்டுருவாங்கன்னியே.

— போடுவாங்க.

— நானும் வருஷா வருஷம் யோசிப்பேன். அக்டோபர் வந்தா போதும், அந்தத் தையல் கம்பெனிக்கு மட்டும் அப்படி என்ன தலைபோற அவசரம்? ரஷ்யாக்காரன் அக்டோபர்லதான் துணியே போடறானா?

— ரொட்டியும் இருக்கு.

— வேணாம். நான்தான் உன்னைப் போகாதேன்னு கெஞ்சினேன். இப்படி வழியில கவுத்து விட நெனச்சேன்னு நெனைச்சுக்காதே. சத்தியமா கொண்டு போய் விடத்தான் கெளம்பினேன்.

— தெரியும்.

— எப்படித் தெரியும்?

— கோட்டைப் போட்டியேய்யா.

— இன்னும் கொஞ்சம் டீ ஊத்து.

— மணி மூணு பத்து. டீ முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. வேனும் போச்சு.

— போச்சு. இப்ப நகரு. உன் ரப்பர் பூட்ஸைக் கழட்டிக் குடு எனக்கு.

— எதுக்கு? எங்க எறங்கறே? ஏய், சேறு!

— முன்சக்கரத்துக்கு நடுவுல பாரு. வட்டமா ஒரு திருகு இருக்கா? அதுல ஒரு கோடு.

— அது மூடிதானே? அழகுக்கு வெச்சிருக்கான்.

— அழகுக்கு! அதுதான் பூட்டு. அதைத் திருப்பிப் பூட்டினாத்தான் முன்சக்கரம் அச்சோட சேரும். நீ உள்ள எத்தனை குச்சி தள்ளினாலும், எத்தனை விளக்கு எரிஞ்சாலும், இது திறந்து கெடந்தா முன்சக்கரம் சும்மா உருளும். இந்தப் பக்கத்துதை நான் திருப்பறேன், அந்தப் பக்கத்துதை நீ திருப்பு. முழுசா. 'டக்'னு கேக்கணும்.

— ...கேட்டுச்சு.

— நல்லது. இப்ப காத்தை எறக்கு. நாலுலயும். பாதி போனாப் போதும். டயர் தட்டையா உக்காந்தா சேத்துமேல அகலமா நிக்கும்.

— காத்தை எறக்கறதா? பஞ்சரா பண்ணச் சொல்றே?

— சொன்னதைச் செய்யி. நான் சக்கரத்துக்குப் பின்னால இருக்கற சேத்தை வழிக்கிறேன். முன்னால போகாதே, முன்னால இன்னும் பள்ளம். வந்த தடத்துலயே பின்னால எடுக்கணும்.

— யாரு எடுக்கறது?

— நான்.

— ஓட்டத் தெரியாதுன்னே!

— தள்ளி உக்காரு. குச்சியைக் கடைசி வரைக்கும் இழுத்து விடணும், மெதுவான கியருக்கு. ஸ்டியரிங் நேரா. இன்ஜினை உறும விடவே கூடாது. சக்கரம் சுத்தினா குழி. சுத்தாம உருண்டா வழி. இப்ப பேசாதே.

— ...

— பேசாதேன்னேன்.

— நான் எங்க பேசினேன்? அழறேன். வருதுடி! நாலும் புடிக்குது! வந்துடுச்சு!

— கத்தாதேய்யா, காது போகுது. ம். கல்லுத் தரைக்கு வந்தாச்சு. எறங்கி ரெண்டு பூட்டையும் திறந்து விடு.

— ஏன், இப்பத்தானே பூட்டினோம்?

— முன்னால சின்ன டயர், பின்னால பெரிய டயர். ரெண்டும் ஒரே வேகத்துக்கு ஓடாது. சேத்துல வழுக்கிச் சமாளிச்சுக்கும். காஞ்ச ரோட்டுல பூட்டோட ஓட்டினா கியர்பெட்டி முறிஞ்சிடும். நீ எப்பவும் அந்தக் குச்சியைத் தள்ளித்தானே வெச்சிருப்பே?

— வாங்கின நாள்லேருந்து. நாலுக்கும் காசு குடுத்தாச்சு, நாலும் ஓடட்டுமேன்னு.

— உனக்குப் பூட்டு தெரியாமப் போனதாலதான் பெட்டி பொழைச்சுது. நாலும் ஒரே அளவு, ஒரே மாதிரி வேணும். இந்த ஓநாய்ப் பல்லெல்லாம் சேத்துக்கு மட்டும்தான். குளிர்ல கல்லு மாதிரி இறுகிப் பனிக்கட்டியில வழுக்கும். புதுசுன்னா சொன்னான் பஜார்ல?

— புத்தம் புதுசு.

— பக்கவாட்டுல நாலு எண் இருக்கு பாரு. மொத ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். இது செஞ்சு எட்டு வருஷமாச்சு. கண்ணாலயே தெரியுது, ஓரத்துல நூல் மாதிரி வெடிப்பு.

— சைக்கால்.

— என்ன.

— தையல் கம்பெனியில டயர் எண் எல்லாம் சொல்லித் தராங்களா?

— தையல் கம்பெனியே கெடையாது. ஆறு வருஷமா டயர் மாத்தற கடை. ராத்திரி ஷிஃப்ட். மொதப் பனி விழுந்தா மாஸ்கோவே வரிசையில நிக்கும், கோடை டயரைக் கழட்டிக் குளிர்கால டயர் போட. அதான் உன் அக்டோபர் அவசரம். கடை வண்டிங்களை உள்ள வெளிய எடுத்து எடுத்து ஓட்டவும் பழகிட்டேன்.

— காட்டு உன் கையை.

— எதுக்கு?

— காட்டுடி... ஊசி குத்தினதுன்னு சொன்னே இந்தத் தழும்பை.

— இரும்பு நழுவிச்சு.

— நான் ஏரிக்கரை முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன், என் பொண்டாட்டி மாஸ்கோல கவுன் தைக்கிறான்னு.

— அதான் சொல்லல.

— கிறுக்கி. கவுன் தைக்க இங்க ஆயிரம் பேரு இருக்காங்க. ஒரு டயர் வெடிச்சா நாரின் வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போறான் அக்-தால்காரன். இந்தப் பக்கம் முழுக்க ஒரு ஆள் கெடையாது. உனக்குத் தெரியாதா அது?

— தெரியும். ரெண்டு வருஷமா யோசிக்கிறேன்.

— யோசிக்கிறாளாம்! சரி, இது தெரிஞ்சா நான் கேவலமா நெனப்பேன்னா இவ்வளவு நேரம் உள்ளயே குந்தியிருந்தே? நான் அங்க சேத்துல உருண்டு, கோட்டைப் பறி குடுத்து, ஒதடு நீலமாகி...

— அதுக்கில்ல.

— பின்ன எதுக்கு? அந்தத் திருகு திறந்து கெடக்குதுன்னு எப்பத் தெரியும் உனக்கு?

— நீ மொத மிதி மிதிச்சப்பவே.

— ஒண்ணே முக்காலுக்கு முன்னாலயேவா! அப்பவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?

— சொல்லியிருந்தா வேனைப் புடிச்சிருப்போமேய்யா.