இருநூற்றுப் பதினைந்தாம் பக்கம்

வேதவல்லி: …இல்லீங்க, வீட்டுல இருக்கற தீஸிஸ் காப்பியில பக்கத்த எண்ணித்தான் பாத்தேன். இருநூத்திப் பதினாலு இருக்கு, பதினாறு இருக்கு. நடுவுல ஒண்ணக் காணோம்.

ரகுநாதன்: நம்பர் தப்பா விழுந்திருக்கும், வேதா. தீஸிஸ் நேத்தே புரொஃபசர்கிட்ட போயாச்சு. ஹைடல்பர்க்ல எவன் பக்கத்த எண்ணப் போறான்?

வேதவல்லி: ஜெர்மன்காரன் எண்ணமாட்டானா!

ரகுநாதன்: சரி… எண்ணுவான். காபி போடேன்.

வேதவல்லி: அந்தப் பக்கத்துல உங்க முப்பாட்டன் இருளாண்டி என்ன பண்றார்?

ரகுநாதன்: என்னத்த… கொள்ளைக்காரரா இருந்தவர நவாப்பு கூப்பிட்டுத் தளபதியாக்கினான். எல்லைச் சண்டையில ஜெயிச்சார். எங்கூர்த் திருவிழால இன்னிக்கும் அவர் வாளுக்குத்தானே முதல் மரியாதை?

வேதவல்லி: ஜெயிச்சது பதினாறாம் பக்கம். அதுக்கு முன்னாடி?

ரகுநாதன்: நீ… படிச்சியா? ஜெர்மன் புரியாம, எழுத்தப் பாத்து அப்படியே டைப் அடிக்கறேன்னுல்ல நெனச்சேன்.

வேதவல்லி: அறுபத்தஞ்சுல வந்தோம். நாலு வருஷமா ரொட்டிக் கடையில யார் பேசறா, நீங்களா? சொல்லுங்க.

ரகுநாதன்: ஒரு ஜெர்மன் பாதிரியார் அந்தக் காலத்துல நம்ம ஊர்லேருந்து எழுதின லெட்டர். பதவி வேணும்னா கூட்டாளிங்களக் காட்டிக்கொடுன்னான் நவாப்பு. இவர் விருந்துன்னு கூப்பிட்டு… பதினோரு பேர். ஒரே புளியமரத்துல தூக்கு.

வேதவல்லி: பேர் இருக்கா?

ரகுநாதன்: …இருக்கு.

வேதவல்லி: முதல் பேர்?

ரகுநாதன்: வேணாம், வேதா.

வேதவல்லி: சடையன். எங்க குலசாமி. வருஷா வருஷம் அந்தக் கல்லு கழுத்துல புதுக் கயிறு கட்டுவோம். ஏன்னு எங்கப்பாவுக்கே தெரியாது. கல்யாணத்தப்போ அதப் பாத்துட்டு என்ன சொன்னீங்க?

ரகுநாதன்: …உங்க சாமி அவுத்துக்கிட்டு ஓடற மாடான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

வேதவல்லி: நானுந்தான் சிரிச்சேன்.

ரகுநாதன்: வெக்கமா இருக்குடி. அவர் செஞ்சதுக்குக்கூட இல்ல. ஆராய்ச்சின்னு கடல் தாண்டி வந்தவன் நான்… எங்க வீட்டு மரியாதை போயிடுமேன்னு, உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு… அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டேன்.

வேதவல்லி: கார்பன் வச்சு மூணு காப்பி அடிச்சேன். நீங்க ரெண்டுலதான் உருவினீங்க.

ரகுநாதன்: மூணாவது எங்க? குடு. நானே புரொஃபசர்கிட்ட போறேன். ஒளிச்சேன்னு சொல்லிடறேன். பட்டம் போனாப் போகட்டும்.

வேதவல்லி: காலையிலயே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.

ரகுநாதன்: ஐயோ… என்னன்னு சொன்ன?

வேதவல்லி: டைப் அடிச்சது நான், ஒரு பக்கத்த விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு.